திறந்து வைப்பதா, கடவுச்சொல் போடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்கலைக்கழக நூலகம் ஸ்கேன் செய்த பழைய ஆவணங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி விடுவதா, மாணவர் கணக்கு இருந்தால்தான் என்று பூட்டுவதா?

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் பட்டியல்களில் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் ஊரையும் தேடும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பாட்டிக்கு மாணவர் கணக்கு எங்கே இருக்கும்? இவற்றைத் திறந்துதான் வைக்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாய்மொழி நேர்காணல்கள் வேறு விஷயம். உயிரோடு இருப்பவர்களின் குடும்பச் செய்தி அதில் வரும், 2021 ஜூலையிலிருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, அதனால் அவற்றுக்குக் கணக்கு முறை சரி. அப்புறம் வெளியாள் எழுதிக் கேட்டால் வாசிப்பறையில் காட்டலாம். சந்தா கட்டும் மின்னிதழ்களுக்கு உரிமத்தில் உள்ளபடிதான்.