மருத்துவமனையா, வீடா, கடைசி ஊசியா?

எங்கள் நாய் மணிக்கு 13 வயதானபோது இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 5-ஐத் தாண்டியது. நாய்களின் நாட்பட்ட சிறுநீரக நோயில் அது நான்காவது, அதாவது கடைசி நிலை. மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடர்வது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது, ஊசி போட்டு வேதனையை முடித்துவிடுவது என்று மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன.

எலிக்காய்ச்சலாலோ நஞ்சாலோ திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் என்றால் நான் யோசிக்காமல் மருத்துவமனையைத்தான் சொல்வேன். சில நாள் டிரிப்ஸும், தேவைப்பட்டால் டயாலிசிஸும் கொடுத்தால் அது மீண்டும் வேலை செய்ய வாய்ப்புண்டு. ஆண்டுக்கணக்கில் தேய்ந்துபோன சிறுநீரகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே சேர்ப்பதானாலும் இத்தனை நாள் என்று கெடு வைத்துச் சேர்ப்பதே நல்லது. கம்பிக்கூண்டும் அந்நிய வாடையும் முதிய நாயை எவ்வளவு ஒடுக்கிவிடும் என்பது பரிசோதனைச் சீட்டில் வராது.

வீட்டுப் பராமரிப்பு மலிவானதுதான், ஆனால் எளிதானதன்று. ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீர்க் கரைசல் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தோள்பட்டைத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும்; முதுகில் ஒட்டகத் திமில்போல் நீர் திரண்டு, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பாஸ்பரஸ் மிகுந்த எலும்பையும் ஈரலையும் நிறுத்தியாக வேண்டும். வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. ஐபுப்ரோஃபென் நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும், பூனைக்கோ ஒரு பாரசிட்டமாலே உயிரைக் குடிக்கப் போதும். இந்த வழியின் பெரிய ஆபத்து, பார்த்துப் பார்த்து நம் கண் பழகிவிடுவதுதான். “இயற்கையாகவே போகட்டும்” என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை: யூரியா ஏறிய உடல் வாய்ப்புண், வாந்தி, வலிப்பு என்றுதான் பெரும்பாலும் முடிகிறது.

ஊசியைப் பாவம் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இதயத்தில் ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சைச் செலுத்திக் கொல்வது போன்ற கொடிய முறைகளைத் தடைசெய்கிறது. மருத்துவர் செய்வது அதுவன்று. முதலில் மயக்கமருந்து கொடுத்து உறங்கவைத்து, பிறகு உணர்விழக்கச் செய்யும் மருந்தை மிகை அளவில் இரத்தக்குழாயில் ஏற்றுகிறார். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடுகிறது. கண்கள் மூடாமல் இருக்கலாம், நின்றபின் ஓரிரு மூச்சு இழுப்பு வரலாம் என்பதை உடன் இருப்பவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எனக்குச் சரியென்று பட்டது, வீட்டில் வைத்திருந்து, ஊசிக்கான எல்லையை மனம் தெளிவாக இருக்கும்போதே வகுத்துக்கொள்வது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் தந்த அளவுகோல் வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாள்களின் எண்ணிக்கை என்னும் ஏழுக்கும் தலா 10 மதிப்பெண் வைக்கிறது. மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். நாங்கள் அதைச் சுருக்கி, பால்காரரைக் கண்டு குரைப்பது, வாசல்வரை நடப்பது, தயிர்ச்சோற்றை நக்குவது என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். இரண்டு தவறிய நாளில் நாள்காட்டியில் ஒரு பெருக்கல் குறி. அடுத்தடுத்து மூன்றாவது குறி விழுந்த மறுநாள் காலை மருத்துவரை வீட்டுக்கு வரச்சொன்னோம்.