வீட்டில் வார்த்த தையல் பயிற்சிப் பட்டை: பதினான்கு மாதங்களுக்குப் பிறகு

சென்ற வாரம், காயத்தைத் தைத்துப் பழகுவதற்காக நான் வார்த்துவைத்திருக்கும் சிலிகோன் பட்டையின் தோல் அடுக்கு, அதற்கு அடியிலிருக்கும் கொழுப்பு அடுக்கிலிருந்து முழு நீளத்திற்கும் உரிந்து வந்துவிட்டது. இப்படி நடப்பது நான்காவது முறை. அதை மீண்டும் ஒட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, என்னைவிட இரண்டு ஆண்டு இளைய மாணவர் ஒருவர் வந்து, "அண்ணா, நீங்கள் செய்தது போல நானும் ஒன்று வார்த்துக்கொள்ளலாமா, அல்லது விலைக்கே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். அந்த எரிச்சலில் நான் சொன்ன பதில் முழுக்க நியாயமானதில்லை என்று பிறகு தோன்றியதால், பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பொறுமையாக எழுதி வைக்கிறேன்.

மூன்றடுக்குச் சிலிகோன் பட்டையின் செய்முறை இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்: அடியில் சிவப்பு நிறத் தசை, நடுவில் மஞ்சள் நிறக் கொழுப்பு, மேலே சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் தோல். இரண்டு பாகங்களைச் சம அளவில் கலந்து ஊற்றும் வகைச் சிலிகோனையே நான் பயன்படுத்தினேன். தோலுக்கு, மென்பொருள்களின் கடினத்தன்மையை அளக்கும் ஷோர் 00 அளவுகோலில் 30 என்ற மென்மை. முதல் வார்ப்பு ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பாகவே இருந்ததற்கு நானே காரணம். பிளாட்டினம் கொண்டு இறுகும் சிலிகோனுக்குக் கந்தகம் ஆகாது. நானோ கந்தகம் கலந்து பதப்படுத்திய லேடெக்ஸ் கையுறையை அணிந்துகொண்டு கிளறினேன். நைட்ரைல் கையுறைக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. காற்றுக் குமிழிகளைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் பெரும்பாலானவை வழியிலேயே உடைந்துவிடும், மிஞ்சியவற்றால் தைப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

என் கோபமெல்லாம் தோல் அடுக்குக்குள் பதித்த வலைத்துணியின் மீதுதான்.

வலையில்லாமல் வார்த்த முதல் பட்டையில் 3-0 நைலான் நூலால் தைத்தபோது, முடிச்சை இறுக்கியவுடன் நூல் சோப்புக் கட்டியை அறுப்பது போலத் தோலை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த நூலின் விட்டம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. உண்மைத் தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் இழைகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிக்கிடப்பதால், அவ்வளவு மெல்லிய நூலையும் அது தாங்கி நிற்கிறது. சிலிகோனில் அப்படிப்பட்ட பின்னல் எதுவும் இல்லை. ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டால், அது ஓடி முடியும் வரை தடுக்க ஆளில்லை. எனவே இரண்டாம் பட்டையில், தோல் அடுக்கின் பாதியை ஊற்றி, அது ஒட்டும் பதத்திற்கு வந்ததும் மெல்லிய நைலான் வலைத்துணியை விரித்துப் பதித்து, மீதிப் பாதியை மேலே ஊற்றினேன். பதினான்கு மாதங்களாக நான் பயன்படுத்தி வருவது இந்தப் பட்டையைத்தான்.

வலை செய்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். தோலுக்குள்ளேயே கிடைமட்டமாக ஊசியைச் செலுத்தி, நூல் வெளியே தெரியாமல் தைக்கும் முறையை வலையில்லாத பட்டையில் பழகவே முடியாது. ஒவ்வொரு கடியும், அதாவது ஊசி ஒருமுறை குத்திப் பிடிக்கும் தோல் பகுதியும், பிய்ந்துபோகும். வலை வைத்ததில் அந்தக் கடி பிடிக்கிறது என்பதோடு, ஊசி சரியான ஆழத்தில் போகிறதா என்பது விரலுக்கே தெரிகிறது. வலைக்கு மேலே போனால் தோல் பிதுங்குகிறது, கீழே போனால் கொழுப்பின் குழைவுக்குள் ஊசி வழுக்குகிறது, வலையோடு சேர்ந்து போனால் மட்டும் ஓர் அழுத்தமான பிடிப்பு கிடைக்கிறது. அந்த ஆழ உணர்வை விலைக்கு வாங்கிய பட்டை ஒன்றிலும் நான் கண்டதில்லை. நான் எதிர்பாராமல் கிடைத்த பரிசு அது.

இன்னொன்றும் உண்டு. சிலிகோன் பட்டையைச் சமதளத்தில் வைத்து வெட்டினால் வெட்டு வாய் திறப்பதே இல்லை, கோடு போட்டது போலக் கிடக்கும். உயிருள்ள தோல் எப்போதும் இழுவிசையில் இருப்பதால் வெட்டியவுடன் விரிகிறது. எந்தத் திசையில் அதிகம் விரியும் என்பதைக் கார்ல் லாங்கர் 1861இல் சடலங்களின் தோலில் துளையிட்டுப் பார்த்து வரைந்த கோடுகளை நாம் இன்றும் படிக்கிறோம். பட்டையை ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் வளைத்து, இரு ஓரங்களையும் இறுக்கிக் கட்டியபோது வெட்டு நன்றாக வாய் பிளந்தது. அதுமட்டுமல்ல, நான் பதித்த வலைத்துணி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீளக்கூடியது என்பதால், வெட்டும் திசைக்கு ஏற்ப அந்தப் பிளவின் அகலமும் மாறியது. திட்டமிட்டுச் செய்ததில்லை, துணி அப்படி வாய்த்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்த வலையின் மீது ஏன் கோபம் என்று கேட்கலாம். முதலாவது, ஊசியின் முனை நான்கைந்து கடிகளுக்கு ஒருமுறை வலையின் இழையில் மாட்டிக்கொள்கிறது. மணிக்கட்டைச் சுழற்றி, ஊசியின் வளைவை ஒட்டிச் செலுத்த வேண்டிய இடத்தில் ஒரு சிறு தடங்கல் ஏற்படுகிறது; அதைத் தாண்ட கொஞ்சம் அழுத்தம் கொடுக்கிறோம். பதினான்கு மாதங்கள் இப்படி அழுத்தினால் அது பழக்கமாகிவிடும் என்பதை நான் அறுவை அரங்கில்தான் அறிந்தேன். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த மருத்துவர், "தம்பி, தோலைத் தைக்கிறாயா, செருப்பைத் தைக்கிறாயா?" என்று கேட்டார். மழுங்கிய ஊசிகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதும் ஒரு காரணம்தான் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் புது ஊசியிலும் அந்தத் தடங்கல் இருக்கிறது. சிலிகோனின் இயல்பான உராய்வைச் சோப்பு நீர் தடவிக் குறைக்கலாம், இழையில் மாட்டுவதை எதைத் தடவியும் குறைக்க முடியாது.

இரண்டாவது இதைவிட மோசமானது. வலை வைத்த பட்டை பொய் சொல்கிறது. காயத்தின் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டு, சற்றே மேல்நோக்கி மலர்ந்து நிற்கும் அளவுக்குத்தான் முடிச்சு இறுக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் தோல் வெளுத்து, இரத்த ஓட்டம் குறைந்து, அடுத்த நாள் காயம் வீங்கும்போது நூல் சதைக்குள் புதையும். வலையில்லாத பட்டையில் அளவு மீறி இறுக்கினால் அந்த நொடியே கிழிந்து தண்டனை கிடைத்துவிடும். வலை வைத்ததோ எவ்வளவு இறுக்கினாலும் பொறுத்துக்கொண்டு, பார்வைக்கு வரிசையாக, அழகாக நிற்கிறது. கிழிகிறது என்று நான் தூக்கி எறியப்போன அந்த முதல் பட்டைதான் உண்மையில் எனக்குக் கை அளவைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று.

அடுக்கு உரிவதற்கு வலையைக் குறை சொல்ல முடியாது. கொழுப்பு அடுக்கு குழைவாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் சிலிகோனின் எடையில் பாதியளவுக்குச் சிலிகோன் எண்ணெயை ஊற்றினேன். தொட்டுப் பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் சிலிகோனின் மூலக்கூறுப் பின்னலில் கட்டுப்படாத அந்த எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து மேலடுக்கின் அடியில் படர, ஒட்டு விட்டுப்போகிறது. துடைத்து, காயவைத்து, புதுக் கலவையை மெல்லப் பூசி ஒட்டினால் மூன்று மாதம் தாங்கும். பிறகு மறுபடியும் கசியும். எண்ணெயை ஐந்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தியிருந்தால் இவ்வளவு தொல்லை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பன்றிக் கால் கைக்குத் தரும் உணர்வுக்கு இவை எதுவும் ஈடில்லை. ஆனால் அதன் நாற்றமும், அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டிய கட்டாயமும் தினசரிப் பயிற்சிக்கு ஒத்துவராது. வாழைப்பழத் தோல் மென்மையாகக் கையாளப் பழக்கும், ஆழம் பழக்காது. எதில் பழகினாலும் காலாவதியான நூலையும் பயன்படுத்திய ஊசியையும் நோயாளிகளுக்கான பொருள்களோடு எக்காரணத்தைக் கொண்டும் கலந்துவிடாமல், ஊசிகளைக் கூர்பொருள் பெட்டியில் மட்டுமே போட வேண்டும்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மேலே எழுதியதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், "செய்து கொள், வலையும் வை" என்றுதான் பதில் வர வேண்டும். நான் அவரிடம் சொன்னது "செய்யாதே" என்பது. இன்றும் அதையே சொல்கிறேன். ஊற்றுவதும், காத்திருப்பதும், ஒட்டுவதும், ஒட்டியது இறுகும் வரை மீண்டும் காத்திருப்பதுமாக இந்தப் பட்டை என்னிடமிருந்து பறித்துக்கொண்ட மாலைப்பொழுதுகளில் பாதியைத் தைப்பதற்குச் செலவிட்டிருந்தால், செருப்புப் பேச்சைக் கேட்க நேர்ந்திருக்காது. அலமாரியின் அடியில் கிடந்த வலையில்லாத பழைய பட்டையை அவரிடம் கொடுத்தேன். மறுநாளே வந்து, நான்கு இடங்களில் கிழிந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டு, வலை வைத்ததைக் கேட்டார். ஒட்டு இன்னும் இறுகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.