கை படாத பர்ரோ: அமெரிக்க அரசின் கழுதைத் தத்துச் சேவை, ஒரு மதிப்பீடு

அரிசோனா, நெவாடா, கலிஃபோர்னியா பாலைநிலங்களில் திரியும் கழுதைகளுக்கு அங்கே பர்ரோ என்று பெயர். சுரங்கக்காரர்கள் பொதி சுமக்க ஓட்டிவந்து, வேலை முடிந்ததும் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் இவை. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றைக் காப்பதும், எண்ணிக்கை மிஞ்சினால் பிடித்துத் தத்துக் கொடுப்பதும் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பு, சுருக்கமாக பி.எல்.எம்.

மன்னார் வீதிகளில் படுத்திருக்கும் கழுதையை மனதில் வைத்துக்கொண்டு இதற்கு விண்ணப்பிக்காதீர்கள். அது தினமும் மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறது. பர்ரோவுக்கு மனிதன் என்றால் துரத்திய ஹெலிகாப்டர் அல்லது தண்ணீருக்கு வந்தபோது மூடிக்கொண்ட பட்டி. அதன்பின் ஊசி, கழுத்தின் இடப்பக்கத்தில் உறைகுளிர் இரும்பால் இட்ட அடையாளம். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த அறிமுகம்.

அடிப்படைக் கட்டணம் 125 டாலர். விதிகளில் பி.எல்.எம். கறார், அது நல்லதுதான்: ஒரு விலங்குக்குக் குறைந்தது 400 சதுர அடிப் பட்டி, நாலரை அடி உயர வேலி, முள்கம்பி கூடவே கூடாது, ஒதுங்கக் கூரை வேண்டும். ஏற்றிச்செல்ல, பக்கவாட்டில் வீசித் திறக்கும் கதவுள்ள கால்நடை டிரெய்லர். சாய்பலகை வைத்த குதிரை டிரெய்லர் கொண்டுபோனால் ஏற்ற மறுப்பார்கள். 'கழுதை கெட்டால் குட்டிச்சுவர்' என்பதெல்லாம் ஊர்க்கழுதைக்கு. தப்பிய பர்ரோவுக்குத் திரும்பிவரத் தெரிந்த சுவரே கிடையாது. டிரெய்லர் கதவைப் பட்டிக்குள் நேராகத் திறக்க வேண்டும். முதல் நாளே மேய்ச்சல் நிலத்தில் விட்டால் அதைத் திரும்பப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம்.

வேலியைப் பற்றி இவ்வளவு கேட்கிறவர்கள் குளம்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே கேட்பதில்லை. இந்தச் சேவையின் பெரிய ஓட்டை இதுதான். பாலையில் கல்லும் தூரமும் குளம்பைத் தேய்த்துவிடும். மெத்தென்ற பட்டியில் அது வளர்ந்துகொண்டே போகும். 6 முதல் 10 வாரத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும். கால் கொடுக்காத கழுதைக்கு ஒவ்வொரு முறையும் மயக்கமருந்து. நாக்கடியில் வைக்கும் டெடோமிடின் ஜெல் உதவும்தான். ஆனால் அதை வைக்கவே வாயருகே கை போக வேண்டுமே! சில மருந்துகளைக் கழுதையின் உடல் குதிரையைவிட வேகமாகக் கழித்துவிடும். குதிரைக் கணக்கில் போட்டால் பாதியிலேயே விழித்துக்கொள்ளும். கழுதை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

ஒற்றைக் கழுதையை மட்டும் வாங்காதீர்கள். கழுதை துணையோடு உயிரைக் கட்டிக்கொள்ளும் விலங்கு. ஒற்றையாக வந்தது தீனியைத் தொடாமல் நிற்கும். அங்கேதான் ஆபத்து. தீனி நின்றால் உடல் தன் கொழுப்பை ரத்தத்தில் கொட்டும், ஈரல் தாங்காது. ரத்த மாதிரி பால் கலந்ததுபோல் தெரியும். இது உயிரைக் குடிக்கும் நோய். ஒரு நாள் தின்னவில்லை என்றாலே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கழுதை வலியை வெளியே காட்டாது. பெரும்பாலும் சோர்ந்து நிற்பதுதான் அடையாளம்.

மறுபக்கம், அதிகம் போட்டுக் கெடுப்பதும் சகஜம். நாளைக்கு உடல் எடையில் 1.3 முதல் 1.8 சதவீதம் உலர்தீனி போதும்; 200 கிலோ பர்ரோவுக்கு 2.6 முதல் 3.6 கிலோ. பார்லி வைக்கோலும் சர்க்கரை குறைந்த உலர்புல்லும் சரி. குதிரைமசால் தீவனத்தை அள்ளிப் போட்டால் பிடரி தடித்துத் தொங்கும், அடுத்து குளம்பழற்சி.

பழக்கும் முறை: பட்டிக்குள் தீனியோடு உட்காருங்கள், அது வரட்டும். 15 நிமிடம், நாளைக்கு இரண்டு முறை. முதல் தொடுகை தோளில். காதிலும் முகத்திலும் வேண்டாம். அது விலகுவதற்கு முன்பே நீங்கள் கையை எடுத்துவிட வேண்டும். குதிரை பயந்தால் ஓடும், கழுதை உறைந்து நிற்கும். பலரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காலைப் பிடித்து உதை வாங்குகிறார்கள். மெல்லுவதை நிறுத்திவிட்டதா, மூக்கு இறுகியதா என்று பாருங்கள். காலுக்கு முதலில் நீளக் குச்சி நுனியில் கட்டிய கையுறை, பிறகு மென்கயிறு, கடைசியில்தான் கை. ஏற்றும்போது மாட்டிவிடும் ஹால்டரை, அதாவது முகக்கயிற்றை, அப்படியே விட்டுவிடக் கூடாது. வளரும் குட்டியின் மூக்கெலும்பில் அது புதைந்துவிடும்.

எட்டு வாரத்தில் கை கணுக்கால்வரை இறங்கவில்லையென்றால் தொழில்முறைப் பழக்குநரிடம் கொடுப்பதே மரியாதை. உண்மையில் ஆரம்பத்திலேயே அங்கே போயிருக்கலாம். பி.எல்.எம்.மோடு சேர்ந்து இயங்கும் பயிற்சியாளர்களிடம், ஹால்டர் மாட்டவும், கயிற்றில் நடக்கவும், டிரெய்லரில் ஏறவும், நான்கு காலும் கொடுக்கவும் பழக்கிய பர்ரோவே கிடைக்கிறது. இந்தச் சேவையில் மனம்விட்டுப் பாராட்டக்கூடிய பகுதி இது. முதல்முறை எடுப்பவருக்கு வேறு வழியைச் சொல்ல மாட்டோம். ஆட்டுக்குக் காவல் வைக்கலாம் என்று பழகாத பர்ரோவை எடுப்பது சூதாட்டம். சில கழுதைகள் குட்டியாடுகளையே மிதித்துக் கொல்லும்.

பெட்டை என்றால் சினையா என்று கேளுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய ஒரு வருடம் என்பதால் காட்டில் தரித்தது உங்கள் பட்டியில் ஈனலாம். ஆண் என்றால் காயடித்தாயிற்றா என்று தாளில் பாருங்கள்.

தத்தெடுப்பவர்களுக்கென்று பி.எல்.எம். 2019இல் தொடங்கிய 1,000 டாலர் ஊக்கத்தொகை, பணத்துக்காக எடுத்துப் பிறகு இறைச்சி வியாபாரிகள் வரும் ஏலத்தில் தள்ளியவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 2021இல் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிக்கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் கொலராடோ கூட்டாட்சி நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. போனதே நல்லது.

முதல் ஒரு வருடம் விலங்கு அரசின் சொத்து. முடியாவிட்டால் எழுதிக் கொடுத்துத் திருப்பலாம். வருட முடிவில் பராமரிப்புச் சான்றோடு உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும். பத்திரம் கைக்கு வந்தபின் திரும்ப ஏற்கும் கடமை பி.எல்.எம்.முக்கு இல்லை. ஆகவே பத்தாம் மாதமே ஒருமுறை நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாவிட்டால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.