7 அடி 6 அங்குல சர்ஃப் போர்டு: ஃபோம் போர்டுக்கு அடுத்து இதையே வாங்குங்கள்

அலைச்சறுக்குப் பழகுகிறவர்களுக்கான மெத்தென்ற ஃபோம் போர்டில் எழுந்து நிற்கப் பழகியாச்சு, உடைந்த அலையின் நுரையைத் தாண்டிப் போய் உடையாத அலையையும் அவ்வப்போது பிடிக்கிறேன் என்கிற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுபாங்கில் ஒருவரிடம் 900 மலேசிய வெள்ளிக்குப் பழசாக வாங்கிய போர்டு. எபோக்சி பிசின் பூசியது, அடியில் மீன் துடுப்புபோல் நீட்டி நிற்கும் மூன்று ஃபின். அகலம் 21½ அங்குலம், கனம் 2⅞ அங்குலம், கன அளவு 55 லிட்டர். நான் 60 கிலோ, 5 அடி 3.

எடையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போர்டு வாங்கப் போனால் எல்லோரும் போர்டின் நீளத்தைத்தான் கேட்கிறார்கள். தண்ணீரில் நம்மைத் தாங்குவதோ லிட்டர். அதை எடையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். 7 அடியிலேயே ஒல்லியான போர்டும் உண்டு, அகலமும் கனமுமாக லிட்டர் கூடியதும் உண்டு. இந்தக் கட்டத்தில் லிட்டர், உடல் எடையைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரி. இணையத்து அட்டவணைகள் பல இன்னும் குறைக்கச் சொல்லும். கேட்காதீர்கள். கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் நமக்கு அலை என்றால் பெரும்பாலும் கிழக்குக் கரையில் இருக்கும் செராத்திங், அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது. தென்சீனக் கடலில் அந்தக் காற்றே கிளப்பிவிடும் அலை அது. பெருங்கடலில் வெகுதூரம் ஓடி வரும் அலைக்கு உள்ள தள்ளு அதற்குக் கிடையாது. லிட்டரைக் குறைத்தால் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அலை அடியில் புகுந்து போய்விடும்.

"6 அடி 2 எடுத்துக்கோம்மா, டர்ன் சீக்கிரம் வரும்" என்றார் விற்பனைக்காரர் ஒருவர். டர்ன், அதாவது அலையில் போர்டைத் திருப்புவது; அதற்கு முதலில் அலை வேண்டாமா? தோழியின் 6 அடி 4 போர்டில் அதே கடலில் பேடல் செய்து, அதாவது படுத்துக் கையால் துழாவிப் பார்த்தேன். நெஞ்சுவரை தண்ணீரில் அமிழ்ந்தது. அலை உடையும் கடைசி நொடியில்தான் ஏறவே முடிந்தது, எழுந்து நிற்க நேரமில்லை. என் போர்டு அலை இன்னும் சரிவாக இருக்கும்போதே நகரத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரம்தான் இந்த நிலையில் பொன்.

போர்டில் படுக்கும் இடத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். போர்டின் மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் அளவு நிற்கணும். அதிகம் முன்னே போனால் மூக்கு குத்தும், பின்னே போனால் மூக்கு தூக்கிக்கொண்டு போர்டு பின்னுக்கு இழுக்கும். மார்பு படும் இடத்தில் ஒரு கோடு மெழுகு தடவி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை. திருப்ப, பின்காலை ஃபின்களுக்கு மேலே கொண்டுபோனால் போதும். ஃபோம் போர்டு இவ்வளவு பேச்சுக் கேட்காது.

குறைகளும் உண்டு. உடையும் அலைக்கு அடியில் இதை அமுக்கி நுழைய முடியாது. இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் புரண்டு, அலை போனதும் திரும்ப வேண்டும். என் உயரத்துக்கு அக்குளில் இடுக்கினால் விரல் நுனிதான் ஓரத்தை எட்டுகிறது. மணலில் காற்று அடித்தால் தலையில் வைத்துத்தான் நடக்கிறேன். மைவி காரின் கூரையில் வார் போட்டு ஏற்றலாம், ஆனால் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டணும். வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவே கூடாது, சூட்டில் மேல்தோல் உப்பிக்கொள்ளும்.

75 கிலோவுக்கு மேல் இருந்தால் 8 அடி, 65 முதல் 70 லிட்டர் பாருங்கள். பழசு வாங்குகிறவர்கள் வாலையும் ஃபின் சொருகும் பெட்டியைச் சுற்றியும் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கவும். மெத்தென்று இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.