மெர்ச்சண்டைசர் என்று கூப்பிட்டுவிட்டு சலான் தூக்க வைத்த கம்பெனி

திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிற வேலை, தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்க. கடைசி மாதச் சம்பளம் இன்னும் அவர்களிடம் நிற்கிறது, அதனால் கம்பெனி பெயர் வேண்டாம்.

இன்டர்வியூவில் பேசியதெல்லாம் பையர் (துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி) மெயில், காஸ்டிங் என்கிற விலைக் கணக்கு, சாம்பிள் அப்ரூவல். ஒரு ஐரோப்பிய பையர் முழுக்க என் பொறுப்பு என்றார்கள். அதை நம்பித்தான் கோவையில் பார்த்த வேலையை விட்டேன்.

சேர்ந்ததும் கையில் கொடுத்தது டெலிவரி சலான் கட்டு, சரக்கோடு போகிற சீட்டு. ஒவ்வொரு யூனிட்டாக அலைந்து வேலையை முடுக்குகிற ஃபாலோ-அப் வேலை. காலையில் நிட்டிங், மதியம் டையிங், அங்கே ஷேட் (சாய நிறம்) சரியில்லை என்றால் காத்திருப்பு, அப்புறம் துணி சுருங்காமல் இருக்கச் செய்கிற காம்பாக்டிங், பிரிண்டிங். வண்டியும் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. ராத்திரி ஷிப்மெண்ட் இருந்தால் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவும் நான்தான். ஃபாலோ-அப் மட்டமான வேலை இல்லை. அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இல்லாவிட்டால் ஒரு கண்டெய்னர்கூட தூத்துக்குடி போய்ச் சேராது. ஆனால் அது வேறு வேலை, வேறு அனுபவம். சலானோடு வருடக்கணக்கில் அலைந்துவிட்டு அடுத்த கம்பெனியில் காஸ்டிங் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

மேனேஜரிடம் கேட்டேன். "நம்ம கம்பெனியில எல்லாரும் எல்லாத்தையும் பாக்கோணுங்க தம்பி. மொதல்ல ஃபீல்டு கத்துக்கங்க, பையரை அப்புறம் தர்றனுங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக ஏமாற்றினால் சண்டை போடவும் வாய் வராது. அந்த பையர் மெயிலை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது முதலாளியின் அக்கா மகன்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும். எனக்கும் தந்தார்கள். பதவி கொட்டை எழுத்தில் இருந்தது, வேலை விவரம் ஒரு வரி இல்லை. கீழே "நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகள்" என்று இருந்தது. கேட்கும்போதெல்லாம் அந்த வரியைத்தான் காட்டினார்கள்.

பிஎஃப் என்று சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தார்கள். உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்தால் பணம் ஏறவே இல்லை. வெரிஃபிகேஷனுக்கு என்று வாங்கிய ஒரிஜினல் சர்டிபிகேட்டை, நான் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றதும் தர மறுத்தார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போவதாக மெயில் போட்ட பிறகுதான் கைக்கு வந்தது. ஒரிஜினலைக் காட்டுங்க, கொடுத்துவிட்டு வராதீங்க.

பழைய வேலையை விடுவதற்கு முன்னால் எந்த பையர், யாருக்குக் கீழே, வெளி அலைச்சல் உண்டா, பெட்ரோல் யார் தருவார்கள் என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்குங்க. "பாத்துக்கலாங்க" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் வந்தால் சேராதீங்க. சாயங்காலம் கம்பெனிக்குப் பக்கத்து பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு, அந்த சீட்டில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று அங்கே நிற்கிற ஸ்டாஃபிடம் விசாரிங்க. எனக்கு முன்னால் இருந்தவரையும் மெர்ச்சண்டைசர் என்று எடுத்து இதே சலானைத்தான் கொடுத்திருக்கிறார்கள். டையிங் சூப்பர்வைசர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.