72 பக்க பாலிசிக்குள்ள ஒளிஞ்சிருந்த சிஐஎஸ்: என் ரிவ்யூ

அப்பாவோட மெடிக்கல் இன்சூரன்ஸ் ரினியூவல் போன மாசம் வந்துச்சு. வழக்கமா பணத்த கட்டிட்டு மெயில்ல வர்ற பிடிஎஃப்ப திறந்துகூட பாக்க மாட்டேன். இந்த தடவ கண்ணுல புரை முத்திடுச்சு, ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டதால வேற வழியில்லாம உக்காந்து படிச்சேன். 72 பக்கத்தையும் இல்லைங்க, அதுக்குள்ள இருக்கிற கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்ட மட்டும், சுருக்கமா சிஐஎஸ். இந்த ரிவ்யூ அந்த ஷீட்டுக்குத்தான், கம்பெனிக்கு இல்ல. ஹெல்த் பாலிசி விக்கிற எல்லாரும், இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்து குடுத்த ஃபார்மட்லதான் இத குடுத்தாகணும், 2024 ஜனவரி 1ல இருந்து அதான் ரூல், அதனால உங்க பாலிசிக்கும் கிட்டத்தட்ட இதே கததான்.

தேடி கண்டுபிடிக்கறதே ஒரு வேலை. மெயில் ப்ரொமோஷன்ஸ் டேப்ல லோன் ஆஃபருக்கு நடுவுல கெடந்துச்சு. திறந்தா பாஸ்வேர்டு பிறந்த தேதின்னு போட்டிருக்கு, யாரோட பிறந்த தேதின்னு போடல. அப்பாவோடத போட்டு நாலு தடவ தப்பு, அப்புறம்தான் உறைச்சுது, பணம் கட்டுறது நான், ப்ரொபோசர், அதாவது பாலிசிக்கு விண்ணப்பிச்சவன் நான், என்னோடதுதான் கேக்குது. உள்ள போனா ஷெட்யூல், டேக்ஸுக்கு காட்டுற 80டி சர்டிஃபிகேட், அப்புறம் பொடி எழுத்துல கண்டிஷன்ஸ், நம்ம ஷீட்டு 61வது பக்கத்துல ஆரம்பிக்குது. முதல் பக்கத்துல வெச்சா யாருக்கு என்ன நஷ்டமோ. அதுக்கு முன்னாடி நான் கம்பெனி வெப்சைட்ல டவுன்லோட்ஸ்ல இருந்து ஒன்ன எடுத்து அரைமணி நேரம் படிச்சேன், அது வெறும் மாதிரி, எவ்ளோ தொகைக்கு கவர்னு சொல்ற சம் இன்ஷூர்ட் கட்டமே காலி. உங்க பாலிசி நம்பர் போட்டிருக்கிற ஷீட்டுதான் உங்களோடது, மத்தத நம்பாதீங்க.

ஷீட்டு நல்லாருக்கா? நல்லாதான் இருக்கு. ஒரே டேபிள். என்ன கவர் ஆகும், என்ன ஆகாது, வெயிட்டிங் பீரியட் (சில சிகிச்சைக்கு பாலிசி எடுத்து எவ்ளோ நாள் காத்திருக்கணும்ங்கறது), லிமிட்டு, க்ளெய்ம் எப்படி, கம்ப்ளைன்ட் எங்கன்னு வரிசையா போகுது. எனக்கு ரொம்ப புடிச்சது டேபிளோட கடைசி நெடுவரிசை, ஒவ்வொரு வரிக்கும் நேரா பாலிசியில அது எந்த க்ளாஸ், அதாவது எந்த ஷரத்துன்னு நம்பர் இருக்கு. ஷீட்டுக்கும் பாலிசிக்கும் முரண்பாடு வந்தா பாலிசியில இருக்கிறதுதான் செல்லும்னு கீழயே போட்டிருக்கான், அதனால அந்த நம்பர புடிச்சு போய் ஒருவாட்டி பாத்துக்கணும். நான் அப்படி போனப்பதான் கேட்டராக்ட், அதான் கண்புரை விஷயம் தெரிஞ்சுது. வெயிட்டிங் பீரியட் 24 மாசம், எங்களுக்கு மூணாவது வருஷம், பிரச்சனையில்ல. லிமிட்டு வரியில பாத்தா ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாதான். ஏஜென்ட்டுக்கு போன் போட்டா "சார் ஃபுல் கவர் சார், கவலையே படாதீங்க"ங்கறாரு. க்ளாஸ் நம்பர சொன்னதும் லைன்ல சத்தமே இல்ல.

இந்த லிமிட்டு பகுதிய மட்டுமாவது படிச்சிடுங்க, ஏன்னா ரூம் ரென்ட் இங்கதான் ஒக்காந்திருக்கு. எங்களுக்கு 5 லட்சம் பாலிசி, ரூமுக்கு ஒரு நாளைக்கு 1 சதவீதம், அதாவது 5,000. சரி 8,000 ரூபா ரூம்ல சேந்தா அந்த 3,000 மட்டும் கையில இருந்து போகும்னுதான் இத்தன நாள் நெனச்சிட்டு இருந்தேன். அப்படி இல்ல. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க, அஞ்சுக்கு எட்டு. அது 80,000 வந்திருந்தா 50,000தான் குடுப்பாங்க, மிச்சம் 30,000 நம்ம தலையில. மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட்டு இதுல எல்லாம் அப்படி வெட்டக்கூடாதுன்னு ரூல் இருக்கு, அதுவரைக்கும் நல்லது. ஆனா இவ்ளோ பெரிய விஷயம் ஷீட்டுல ஒன்றரை வரி, ஒரு சின்ன கணக்கு போட்டு காட்டியிருந்தா கொறஞ்சா போயிடுவாங்க?

தமிழ்ல வேணும்னு கேட்டா குடுத்தாகணும்னு தெரிஞ்சு கஸ்டமர் கேர்ல கேட்டேன். அந்த பொண்ணுக்கே அப்படி ஒன்னு இருக்கிறது தெரியல, ஹோல்டு போட்டு போட்டு கடைசியில ஒன்பது நாள் கழிச்சு அனுப்புனாங்க. மொழிபெயர்ப்பு இருக்கே... ஃப்ரீ லுக் பீரியட்ட "இலவசப் பார்வைக் காலம்"னு போட்டிருக்கான். புது பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள புடிக்கலன்னா திருப்பி குடுத்துடலாம்ங்கற விஷயம் அது. அப்பா அத படிச்சிட்டு "ஏன்டா, 30 நாள் கண்ணு சும்மா பாப்பாங்களாடா?"ன்னு கேட்டாரு, பாவம் அவர் கவல அவருக்கு.

மத்தபடி க்ளெய்ம் பகுதி ஓகே. கேஷ்லெஸ் (நாம கட்டாம கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டறது) கேட்டா ஒரு மணி நேரத்துல பதில், டிஸ்சார்ஜ் அப்ரூவல் மூணு மணி நேரத்துல வரணும். கம்பெனி மேல இருக்கிற புகார விசாரிக்கிற ஆம்புட்ஸ்மன் விவரமும் இருக்கு, 50 லட்சம் வரைக்கும் ஃபீஸ் எதுவும் கட்டாம போகலாம். தொடர்ந்து 60 மாசம் பாலிசி ஓடிட்டா, மோசடின்னு நிரூபிச்சா தவிர, பாலிசி எடுக்கும்போது எதையோ சொல்லாம விட்டீங்கன்னு காரணம் காட்டி க்ளெய்ம மறுக்க முடியாதுங்கறதும் இருக்கு, பழைய பாலிசி வெச்சிருக்கவங்க அத கண்டிப்பா பாருங்க.

கடைசியில படிச்சு புரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்து போட எடம். எங்களுக்கு லிங்க் வந்துச்சு, ஓடிபி போட்டா முடிஞ்சுது, படிக்காமயே போன வருஷமும் போட்டிருக்கேன் போல.

ஷீட்டுக்கு 5க்கு 4, அத 61வது பக்கத்துல சொருகுனதுக்கு 1. ஆஸ்பத்திரியில லென்ஸோட சேத்து 62,000 சொல்லியிருக்காங்க. அப்பா ஷீட்டு ஓரத்துலயே பென்சில்ல கழிச்சு 22,000னு எழுதி வட்டம் போட்டு பீரோவுல வெச்சிட்டாரு, வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன்.