தோங்கைச் சாய்க்காமல் ஏழு வருடம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 200 லிட்டர் நீலத் தோங் (பீப்பாய்) ஒன்று நிற்கிறது. கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரைப் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுகிறோம். முன்பெல்லாம் அதைக் கழுவ நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்ப்போம். இடுப்பு விட்டுப்போகும். ஏழு வருடத்துக்கு முன்பு, சைபன் முறையில் தண்ணீரை வடிக்க, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் 4 மீட்டர் பிளாஸ்டிக் ஹோஸ் வாங்கினேன். அதற்குப் பிறகு நிறைந்த தோங்கைச் சாய்த்ததே இல்லை.

சைபன் என்பது இவ்வளவுதான். தண்ணீர் நிறைந்த குழாயின் வெளிமுனை, தொட்டியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால் போதும், தண்ணீர் விளிம்பேறித் தானாக இறங்கும். இழுப்பது புவியீர்ப்பு. நடுவில் நீர் அறுந்துபோகாமல் தாங்குவது காற்றழுத்தம். அதனால்தான் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்றினால் ஓடாது.

வாயால் உறிஞ்ச வேண்டாம். ஆரம்பத்தில் அப்படிச் செய்து சேற்றுத்தண்ணீரை விழுங்கியிருக்கிறேன். இப்போது ஹோஸை வளையம் வளையமாகத் தோங்குக்குள் அமுக்குவேன். குமிழி நின்றதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, லோங்காங் (சாக்கடை வாய்க்கால்) வரை இழுத்துப்போய் விடுவேன். பழுப்புத் தண்ணீர் சரசரவென்று ஓடும்.

முதலில் தோங் தரையில் இருந்தது, ஹோஸ் முனையும் தரையில்தான். ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போதே ஓட்டம் சோர்ந்துவிடும். தோங்கைச் செங்கல்மேல் ஏற்றி, முனையை லோங்காங்குக்குள் இறக்கிய பிறகுதான் அடிவரை வடிந்தது. இன்னொரு தொல்லை, ஹோஸ் சுருண்டு உள்முனை மேலே மிதந்து காற்றைக் குடித்துவிடும். அதை ஒரு மூங்கில் குச்சியோடு கட்டினேன், நுனியையும் சாய்வாக வெட்டினேன். நேராக வெட்டினால் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

வாரம் ஒருமுறை வடிப்பது, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பெருகாமல் இருக்க. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், அதனால் வடித்தபின் உள்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும். முட்டையிலிருந்து வரும் கொசுப்புழு மூச்சுவிடும் குழலுக்கும் சைபன் என்றுதான் பெயர்.

வெயிலில் கிடந்தால் ஹோஸ் விறைத்துப்போகும், உள்ளே பாசி பிடிக்கும். நாலாம் வருடம் ஒருமுறை மாற்றினேன். அப்புறம் பெட்ரோல். மோட்டார் சைக்கிளிலிருந்து வாயால் இழுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. அதற்கென்று அமுக்கும் ரப்பர் கைப்பம்பு தனியாக வைத்திருக்கிறேன், அதைத் தண்ணீருக்குத் தொடுவதில்லை.